நெஞ்சில் ஒரு சுண்டு விரல்

பேக்கரிக் கல்லாவில் நின்றிருந்த நவநீதன் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறியபோது, பப்ஸ் கடித்துக்கொண்டிருந்தவர்கள் கடித்த வாயோடு நின்றார்கள். ஒருவர் தண்ணீருக்கு ஓடினார். ஒருவர் தெருவில் இறங்கி ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டார். இன்னொருவர், எப்போதோ பார்த்த வீடியோவின் ஞாபகத்தில், நெஞ்சில் குத்துவதற்காகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். கேக் மாஸ்டர் ராசப்பன் மட்டும் முதலாளியின் மனைவிக்குப் போன் போட்டார்.

"அம்மிணி, மொதலாளிக்கு நெஞ்சு வலிங்க! புடிச்சுட்டுக் கத்தறாருங்க!"

மிருதுளா பதறவில்லை. அவள் கேட்ட கேள்விதான் ராசப்பனைப் பதற வைத்தது.

"அண்ணா, அவரோட வலது கை எங்க இருக்கு?"

"என்னதுங்க?"

"வலது கை. எங்க வச்சிருக்காருன்னு பாருங்க."

"அது... தட்டு மேல ஊனியிருக்காருங்க."

"எந்தத் தட்டு?"

"இப்பத்தானுங்க ஓவன்ல இருந்து எடுத்தேன். தேங்கா பன்னுத் தட்டு."

"கையை எடுங்கண்ணா! தட்டுல இருந்து அவர் கையை எடுங்க!"

எடுத்தார்கள். நவநீதனின் நெஞ்சு வலி அந்த நொடியே பாதி குறைந்தது. உள்ளங்கையில் தோல் தட்டோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

மிருதுளா பீளமேட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது, டாக்டர் ஜமீலா தன் கையாலேயே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நரம்பு அறுவை சிகிச்சை செய்பவர். தீக்காயத்துக்குக் கட்டுப் போடுவது அவர் வேலையில்லை. ஆனால் அந்தக் கை அவர் தைத்த கை. வேறு யாரையும் தொட விடமாட்டார்.

"ஈசிஜி நார்மல். கைதான் வெந்திருக்கு. பன்னு வெந்துச்சா?"

"பன்னு நல்லா வந்திருக்குங்க டாக்டர். ஒரு டஜன் குடுத்து விடறேன்" என்றான் நவநீதன், பல்லைக் கடித்துக்கொண்டு. கட்டை இறுக்கும்போதெல்லாம் அவனுடைய இடது கை நெஞ்சுக்குப் போய்த் தேய்த்துவிட்டுக்கொண்டது.

"பாத்தீங்களா? எரியறது இங்க. இவரு தேய்க்கறது அங்க." ஜமீலா மிருதுளாவைத் திரும்பிப் பார்த்தார். "இதோட எத்தனாவது தடவை?"

மிருதுளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு எண்ணிக்கை தெரியும். காரணமும் தெரியும். காரணத்தைச் செய்ததே அவள்தான்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அவிநாசி சாலையில், லேசான தூறலில், நவநீதனின் பைக் சறுக்கியது. தலை தப்பியது. ஆனால் விழுந்த வேகத்தில், கழுத்திலிருந்து வலது கைக்குப் போகும் நரம்புகள் வேரோடு பிடுங்கிக்கொண்டன. பிடுங்கிய நரம்பைத் திரும்ப நட முடியாது. கை தோளிலிருந்து ஈரத் துண்டுபோல் தொங்கியது. அப்போது மகள் தாரகைக்கு ஒரு வயது.

இதற்கு டாக்டர்கள் வெகுகாலமாகவே ஒரு வழி வைத்திருந்தார்கள். விலா எலும்புகளுக்கிடையே ஓடும் நரம்பில் ஒன்றிரண்டை எடுத்துக் கைக்குத் திருப்பிவிடுவது. நெஞ்சுக்குப் பாய்ந்த தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கைக்குத் திருப்புவது மாதிரி. வாய்க்கால் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் பிரச்னை. நரம்பு தானாக வளரும், ஆனால் பிடிமானம் இல்லாமல் வளராது. விரல் நீளத்துக்கு மேல் அதற்குப் பாதை போட யாராலும் முடிந்ததில்லை.

மிருதுளாவால் முடிந்தது.

அவள் தொழில் இழை நூற்பது. கோவையில் நூல் நூற்காதவர்கள் யார்? ஆனால் அவள் நூற்றது பஞ்சை அல்ல. ஒரு சிரிஞ்சில் பாலிமர் கரைசலை நிரப்பி, ஊசி முனைக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் கொடுத்தால், சொட்டாக விழ வேண்டியது சொட்டாக விழாது. மின்சாரம் இழுக்கிற இழுப்பில் கூம்பாக நீண்டு, நூலாகக் கிளம்பி, காற்றிலேயே காய்ந்து, எதிரே சுழலும் உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். தலைமுடியை நூறாக வகிர்ந்தால் வருகிற மெல்லிசு. உருளை மெதுவாகச் சுற்றினால் இழைகள் சலூன் தரையில் விழுந்த முடிபோலக் கண்டபடி கிடக்கும். வேகமாகச் சுற்றினால் எண்ணெய் வைத்து வாரிய தலைபோல ஒரே திசையில் படியும்.

வாரிய இழையை உருட்டிக் குழாயாக்கி உள்ளே வைத்தால், நரம்பு அந்த இழைகளைப் பிடித்துக்கொண்டு அவரைக்கொடி மாதிரி ஏறும். ஏறி முடித்ததும் இழை உடம்பிலேயே கரைந்துவிடும். உருளையின் வேகம், காற்றின் ஈரம், ஊசிக்கும் உருளைக்கும் உள்ள தூரம் என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்து, இழை ஒன்றுகூடப் பிசகாத ஒரு விரிப்பை மிருதுளா எடுத்தாள். ஆய்வுக்கூடத்தில் கேக் வெட்டினார்கள். கேக் நவநீதனின் கடையிலிருந்தே வந்தது. அப்போது அவன் இடது கையால் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். விலாவிலிருந்து விரல் நுனி வரை இழைக்குழாய் பொருத்திக்கொண்ட முதல் சிலரில் அவனும் ஒருவன்.

கை அசைந்தது. ஆரம்பத்தில் கொஞ்சம் கூத்தாகவே அசைந்தது. விலா நரம்பு மூச்சுக்கானது என்பதால், டம்ளரைத் தூக்க அவன் ஆழமாக மூச்சிழுக்க வேண்டியிருந்தது. தும்மினால் கை தானாக சல்யூட் அடிக்கும். வாடிக்கையாளர்கள் பதில் சல்யூட் அடித்துவிட்டுப் போவார்கள். ஒரு வருடப் பயிற்சியில் அது சரியாயிற்று.

உணர்வுதான் சரியாகவில்லை. விரலைத் தொட்டால் நெஞ்சில் தெரிந்தது. தொட்டது விரலை என்று மூளை போகப்போகப் புரிந்துகொள்ளும், ஒன்றிரண்டு வருடம் பொறுங்கள் என்றார்கள். புரிந்துகொள்ளவில்லை. அந்த இழை வைத்துக்கொண்ட ஒருவருக்கும் புரியவில்லை.

"ஏனுங்க டாக்டர் மாறவே மாட்டேங்குது?" என்று இன்றைக்கும் நவநீதன் கேட்டான்.

"வீட்டம்மாவைக் கேளுங்க. ரொம்ப நல்லா நூத்துட்டாங்க."

மிருதுளா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "இழை கொஞ்சம் கலைஞ்சிருந்தா, நரம்பும் கொஞ்சம் கலைஞ்சு வளரும். அக்கம்பக்கத்து நரம்போட உரசிக்கும். மூளைக்குப் போற சேதி குழப்பமாப் போகும். அப்பத்தான் மூளை, இது எங்க இருந்து வருதுன்னு தேட ஆரம்பிக்கும். தேடித் தேடித்தான் விரலைக் கண்டுபிடிக்கும். நான் போட்டது ரொம்ப நேர். சேதி சுத்தமாப் போகுது. சந்தேகமே வராத இடத்துல மூளை எதுக்கு யோசிக்கப் போகுது? நெஞ்சு நரம்புல வருது, அதனால நெஞ்சுன்னு முடிவு பண்ணிடுது."

"ஆக, நீ கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தா நான் பொழச்சிருப்பேன்."

"சிரிக்காதீங்க" என்றார் ஜமீலா. "வெந்த கையைப் பத்தி எனக்குக் கவலையில்ல. தோல் வளரும். நாளைக்கு நெஜமாவே நெஞ்சு வலிச்சா என்ன பண்ணுவீங்க?"

நவநீதன் குனிந்து கையைப் பார்த்தான்.

"கையைப் பாப்பீங்க. எறும்பு கடிச்சிருக்கா, முள்ளு குத்தியிருக்கான்னு பாப்பீங்க. தேய்ச்சு விட்டுக்குவீங்க. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். உங்கப்பாவுக்கு என்ன வயசுல வந்துச்சு?"

"நாப்பத்தி நாலுங்க."

"உங்களுக்கு?"

"முப்பத்தெட்டு."

ஜமீலா கட்டின் முனையை மடித்து ஒட்டிவிட்டு, "புது இழை ரெடியாயிடுச்சு. கலைஞ்ச இழை. உங்க மிஸஸ்தான் செஞ்சாங்க. மறுபடி ஒரு ஆபரேஷன். உணர்வு நரம்பை மட்டும் வெட்டி, புதுக் குழாய்ல வளர விடுவோம். ஒரு வருஷம் கை மரத்துக் கெடக்கும். அப்புறம் கை கையா இருக்கும், நெஞ்சு நெஞ்சா இருக்கும். தேதி சொல்லுங்க" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றான் நவநீதன்.

அந்த யோசனை ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது.

முதலில் ஆயுத பூஜை பொரி ஆர்டர் என்றான். பிறகு தீபாவளி என்றான். தீபாவளி முடிந்ததும் கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறப் போட வேண்டும் என்றான். மிருதுளா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் வெடித்தாள்.

இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நாலு பேர் முன்னால் அவளுக்கு அவன் 'அவரு'. வீட்டுக்குள் 'நீ' தான்.

"உனக்காகத்தான்டா ராப்பகலா உக்காந்து அந்த இழையைக் கலைச்சேன். நேரா நூக்கறதைவிட அளவாக் கலைக்கறது கஷ்டம், தெரியுமா உனக்கு? பயமா இருந்தா பயம்னு சொல்லு. பழம் ஊறுது, பிஸ்கட் வேகுதுன்னு கதை விடாத."

"பயமெல்லாம் இல்ல."

"பின்ன?"

"சொன்னா சிரிப்ப."

"நான் சிரிக்கற மூடுல இல்ல."

அவன் சொல்லவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "வா, பாப்பாவைக் கூட்டிட்டு வரலாம்" என்றான்.

சிங்காநல்லூரில் தாரகையின் பள்ளி திருச்சி சாலைக்கு அந்தப் பக்கம். மூன்று மணிக்கு அந்தச் சாலையைக் கடப்பது ஒரு வித்தை. தாரகை வெளியே வந்தாள். பையை அம்மாவிடம் கொடுத்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, அப்பாவின் வலதுபுறம் போய் அவனுடைய சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். நாலு வயதுக் கைக்குள் அடங்கக்கூடியது அந்த ஒரு விரல்தான்.

பஸ்கள் சீறிக்கொண்டு போயின. ஒரு லாரி ஹாரன் அடித்தது. பிள்ளையின் பிடி இறுகியதை மிருதுளா பார்த்தாள். பிறகு கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் சாலையைப் பார்க்கவில்லை. கண்களைப் பாதி மூடி, எதையோ உள்ளுக்குள் கேட்பதுபோல நின்றான்.

சாலையைக் கடந்து கரும்புச்சாறு வண்டிக்காரரிடம் தாரகை ஐஸ் வேண்டும், வேண்டாம் என்று தனக்குத்தானே விவாதித்துக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்.

"எல்லாக் கொழந்தையும் அப்பா கையைப் புடிக்கும். இவ கையைப் புடிக்கல மிரு. இங்க புடிக்கறா." கட்டுப் போட்ட கையால் நெஞ்சைக் காட்டினான். "ஆபரேஷன் முடிஞ்சு ரொம்ப மாசம் ஒண்ணுமே தெரியல. ஒரு நாள் மத்தியானம் கடைல சேர்லயே தூங்கிட்டேன். யாரோ நெஞ்சுக்குள்ள கைய விட்டு மெதுவா இழுக்கற மாதிரி இருந்துச்சு. கண்ணு முழிச்சுப் பாத்தா, இவ. விரலைப் புடிச்சு இழுத்துட்டு, பிஸ்கட்டு பிஸ்கட்டுங்கறா. அந்தக் கைக்கு மொதல் மொதல்ல உசுரு வந்ததே அப்பத்தான்."

மிருதுளா கரும்புச்சாற்றைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

"நீ புது இழை போடு. வேண்டாங்கல. ஆனா அதுக்கப்புறம் இவ விரலைப் புடிச்சா, விரல்ல தெரியும். அவ்வளவுதானே?"

"எல்லாருக்கும் அப்படித்தான்டா தெரியுது."

"தெரியும். நான் கொஞ்சம் ருசி கண்டுட்டேன்."

மறுநாள் அவள் ஜமீலாவின் அறையில் உட்கார்ந்திருந்தாள். தன் யோசனையைச் சொன்னாள். கை முழுவதற்கும் கலைந்த இழை. ஒரே ஒரு விரலுக்குப் போகிற நரம்புக் கற்றைக்கு மட்டும், குழாயின் ஓரத்தில், பழையபடி நேர் இழையில் ஒரு பட்டை.

ஜமீலா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"செய்ய முடியுமா?"

"குழாய் நான் செஞ்சு தர்றேன். தைக்க உங்களால முடியுமா?"

"தைக்கறதுக்கென்ன, தைப்பேன். எனக்குப் புடிக்கல, அவ்வளவுதான். வீடு பூரா பூட்டிட்டு, ஒரு ஜன்னலை மட்டும் ஆசைக்குத் திறந்து வைக்கற மாதிரி இருக்கு. திருடன் அந்த ஜன்னல்ல வந்தா? நெஞ்சு வலிக்கும்போது இவரு அஞ்சு விரலைப் பாக்கறதுக்குப் பதிலா ஒரு விரலைப் பாப்பாரு. பாக்கற நேரம் குறையும். ஆனா பாப்பாரு."

"அவருக்கு அது வேணுமாம் டாக்டர்."

"உங்களுக்கு?"

மிருதுளா மேஜையிலிருந்த கண்ணாடியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"சம்மதம் சொல்ல வேண்டியது அவரு. நீங்க கொண்டு வர்றதை நான் தைப்பேன். எந்த விரல்னு கேட்டுட்டு வாங்க" என்றார் ஜமீலா.

கேட்டாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது.

"சுண்டு விரல்."

"யோசிச்சே பாக்கலையே. மோதிர விரல்னு ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். கட்டுன பொண்டாட்டிக்குன்னு ஒரு விரல் கிடையாதா?"

"நீ புடிக்கறதுக்கு எனக்குத் தனியா வயரிங் வேற வேணுமா?" என்றான் நவநீதன், மைதா மூட்டையைத் தூக்கிக்கொண்டே.

இழை எடுத்த அன்று பாலக்காட்டுக் காற்று மழையைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. ஈரக் காற்று இழைக்கு ஆகாது. நடுநடுவே பாசிமணிபோல உருண்டு திரண்டுவிடும். மிருதுளா அறையின் ஈரத்தை இழுக்கும் இயந்திரத்தைக் காலையிலேயே ஓடவிட்டு, ஈரமானியின் முள் இறங்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் சிரிஞ்சை மாட்டினாள். மின்சாரத்தை ஏற்றினாள். ஊசி முனையில் ஒரு துளி நடுங்கியது, கூம்பானது, காணாமல் போனது. பின்னாலிருந்த விளக்கின் முன் மட்டும் ஏதோ புகைபோல் ஒன்று துள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. உருளை மெதுவாகச் சுற்றி அதை வாங்கிக்கொண்டது.

முதல் பாகம் முடிந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு விரிப்பு. இழை நேரா, கலைந்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு அவர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. விரிப்பின் வழியே லேசர் ஒளியைச் சுவரில் அடிப்பார்கள். கலைந்த இழை என்றால் வட்டமாகப் புகைமூட்டம் விழும். நேர் இழை என்றால் கோடு விழும். மிருதுளா அடித்துப் பார்த்தாள். வட்டம். நல்ல, கலங்கிய, பத்திரமான வட்டம்.

இனி விரிப்பை மூடி, ஓரத்தில் ஒரு பட்டையை மட்டும் திறந்து வைத்து, உருளையின் வேகத்தைப் பலமடங்கு கூட்ட வேண்டும். குமிழில் கை வைத்தாள். திருப்பவில்லை.

இப்படியே விட்டுவிட்டால் என்ன? குழாய் முழுக்கக் கலைந்த இழை. ஜன்னலே இல்லாத வீடு. அவனுக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். 'பட்டை சரியா ஒட்டல போலிருக்கு, இப்படியும் ஆகறதுதான்' என்று சொன்னால் நம்பிவிடுவான். அவள் சொன்னால் எதையும் நம்புவான். அதுதான் கையைத் தடுத்தது.

இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேன்டீனுக்கு இறங்கினாள். மதியச் சாப்பாடு கொண்டுவந்து நவநீதன் அங்கே காத்திருந்தான். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அவள் கேட்காத, தேங்காய்ப் பூரணம் வைத்த ஒரு தில்பசந்த் துண்டு.

"நவி, ஒண்ணு சொல்லணும். அந்தப் பட்டை இல்லாமயே குடுத்துடலாம்னு பாக்கறேன். உனக்குத் தெரியாமயே செஞ்சிருப்பேன். மனசு வரல. அதான் சொல்றேன்."

அவன் டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"எங்கப்பாவை நெனச்சியா?"

"ஆமா."

"நானும்தான் நெனச்சேன். அன்னிக்கு அவரு கையை எங்க வச்சாரு தெரியுமா? சரியா நெஞ்சுல. நரம்பெல்லாம் அததோட எடத்துல இருந்த மனுசன். நெஞ்சு அடைக்குதுன்னு வாய விட்டே சொன்னாரு. நாங்க வீடே சுத்தி நின்னோம். கேஸா இருக்கும்னு சோடா வாங்கிக் குடுத்தோம். அவரும் கேஸுதான்னு குடிச்சாரு." நிறுத்தினான். "எடம் தெரிஞ்சும் என்ன ஆச்சு? பக்கத்துல இருக்கறவங்க நம்பணும் மிரு. அதுதான் விஷயம்."

மழை தகரக் கூரையில் பெரிதாக இரைந்தது. அவன் குரலை உயர்த்தினான்.

"ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாம். என்னிக்காவது என் சுண்டு விரலை யாரும் தொடாம, அது இங்க தெரிஞ்சா, நான் உடனே சொல்லிடறேன். நீ சோடா வாங்காத. நேரா ஜமீலா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ. போதுமா?"

"வாயுவா இருந்தா?"

"வாயுன்னு அவங்க சொல்லட்டும். அசிங்கப்பட்டுட்டுத் திரும்பி வந்துக்கலாம்."

மிருதுளா சாப்பிட்டு முடித்தாள். தில்பசந்தையும் தின்றாள். மேலே போய்க் குமிழைத் திருப்பினாள். உருளை முனகலிலிருந்து பாட்டுக்கு ஏறியது. பட்டை படிந்ததும் லேசரை அடித்து விரிப்பை மெதுவாக நகர்த்தினாள். சுவரில் வட்டம், வட்டம், வட்டம். ஓரத்துக்கு வந்ததும் வட்டம் ஒடுங்கி, கோடாக எழுந்து நின்றது.

ஆபரேஷன் நடந்தது. கை மரத்தது. தாரகை அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் சாலையைக் கடந்தாள். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு அடுத்த மழைக்காலம் கழித்து, முதலில் நெஞ்சில் ஒரு சிறு கூச்சமாக, பிறகு தெளிவாக, அந்தப் பிடி திரும்ப வந்தது. மற்ற விரல்கள் இன்னும் மெதுவாகத்தான் வந்தன. ஒருநாள் ஓவன் கதவில் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, விரலை வாயில் வைத்து ஊதினான். ராசப்பன் கைதட்டினார். "இப்பத்தானுங்க மொதலாளி மனுசனாட்டம் சுட்டுக்கிட்டீங்க!"

ஆனால் நரம்பு வளர்கிற வேகத்தைவிடப் பிள்ளைகள் வளர்கிற வேகம் அதிகம். விரல் முழுசாக விழித்துக்கொண்ட வருடம் தாரகைக்கு ஆறு வயது. ரோட்டைக் கடக்க இனி யாரும் கை பிடிக்க வேண்டியதில்லை என்று அவளே அறிவித்துவிட்டாள். தோழிகள் பார்த்தால் சிரிப்பார்களாம்.

நவநீதன் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு கூடவே நடந்தான். எப்போதாவது தூக்கத்தில் அவள் பிடித்தால் உண்டு.

பள்ளி ஆண்டு விழா அன்று அவள் கத்திரிக்காய். ஊதா நிறத்தில் உப்பிய உடை, தலையில் பச்சைக் காம்பு. வண்டியை நிறுத்த இடமில்லாமல் தூரத்தில் விட்டுவிட்டு மூவரும் நடந்தார்கள். பள்ளி வாசலில் தக்காளி ஒன்று நின்று கையை ஆட்டியது. கத்திரிக்காய் அம்மா அப்பாவை விட்டுவிட்டு ஓட்டம் பிடித்தது.

"மெதுவாப் போடி, காம்பு விழுந்துரும்!" என்று மிருதுளா கத்தினாள்.

பக்கத்தில் நடந்து வந்த நவநீதன் நின்றுவிட்டான். அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு மலர்ந்திருந்தது. வெகுநாள் கழித்து யாரோ தேடிவந்து பிடித்துக்கொண்டதுபோல. அந்தச் சிரிப்போடு அவன் குனிந்து தன் வலது பக்கம் பார்த்தான்.

அங்கே யாரும் இல்லை. சுண்டு விரல் வெறும் காற்றில் நின்றது.

சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது.

"மிரு, பாப்பா எங்க?"

"அதோ, தக்காளிகிட்ட."

"அப்ப..." அவன் விரலை உயர்த்திக் காட்டினான். "யாரும் புடிக்கலையே."

மிருதுளா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. வெயிலா, நடந்த களைப்பா என்று கேட்கவில்லை. நடுச் சாலையில் இறங்கி, வந்துகொண்டிருந்த ஆட்டோவுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

இதயத்துக்குப் போகும் குழாய்களில் ஒன்று கிட்டத்தட்ட முழுக்க அடைத்திருந்தது. இதய டாக்டர் அன்று மாலைக்குள் அடைப்பை நீக்கி உள்ளே ஸ்டென்ட் வைத்துவிட்டார். வெளியே வந்து, "வலி ரொம்ப லேசாத்தான் இருந்திருக்கும். சும்மா ஒரு இறுக்கம். பெரும்பாலும் யாரும் கண்டுக்க மாட்டாங்க. இவரு எப்படி உடனே வந்தாரு?" என்று வியந்தார்.

ஜமீலா பக்கத்தில்தான் நின்றிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எந்த விரலைப் பாத்துட்டு வீணா நிப்பாருன்னு நான் பயந்தேனோ, அதைப் பாத்துத்தான் வந்திருக்காரு" என்றார். பிறகு மிருதுளாவிடம் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த பேஷண்டுக்கும் அந்தப் பட்டையைக் கேட்டா, செஞ்சு தருவீங்களா?"

"எந்த விரல்னு அவங்களையே கேட்டுட்டு வாங்க டாக்டர்."

வார்டில் கத்திரிக்காய் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தது. தக்காளியின் அம்மா ஆட்டோவில் கொண்டுவந்து விட்டிருந்தார். காம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பிள்ளையை எழுப்ப மனமில்லாமல் மிருதுளா கட்டிலருகே போய் நின்றாள். அவன் கண் மூடிக் கிடந்தான். அவள் இத்தனை நாளில் அந்த விரலை அதற்காகவென்று தொட்டதில்லை. அது பிள்ளையுடையது என்று விட்டிருந்தாள். இப்போது குனிந்து, அந்தச் சுண்டு விரலை உள்ளங்கைக்குள் வைத்து மூடினாள்.

நவநீதனின் புருவம் சுருங்கியது. கண்ணைத் திறந்தான். நெஞ்சைத் தொடவில்லை. அவளையும் பார்க்கவில்லை. ஒப்பந்தப்படி முதலில் விரலைப் பார்த்தான்.

அதில் ஒரு கை இருந்தது.

"சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனான்.